வெயிலில் கோபப்படாத மருந்து

பகலில் ஜாலான் ரெசிடென்சி மருத்துவமனை,
நான்காம் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன்.
மருந்து கொடுக்கிறேன்.
சனிக்கிழமை பாயா தெருபோங் குன்றுக்குக் கீழே
கிளப்பின் இரும்புக் கதவுக்கு முன்னால் நிற்கிறேன்.
மருந்து வாங்குகிறேன்.

இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல் என்றேன்.
ரோஸ்லான் நம்பவில்லை.
இரண்டுக்கும் பூட்டு உண்டு, பதிவேடு உண்டு,
போலீஸ் கேட்டால் காட்ட ஒரு தாள் உண்டு.
மார்பின் ஊசிக்குப் போடும் அதே கையெழுத்துதான்.
'ஞா'வின் சுழி மட்டும்
இங்கே கொஞ்சம் அவசரமாக விழும்.

என் ரைபிள் சின்ன வாய்க்காரி.
அவள் தின்னும் தோட்டா
என் சுண்டுவிரலைவிட ஒல்லி.
அதற்குள் எந்த மருந்து என்பதில்
மூன்று மாதமாகச் சண்டை,
எனக்கும் எனக்கும்.

முதல் டப்பா கூ ஹொக் செங் சிபாரிசு.
தட்டைத் தட்டையாய், கருகிய உமி போல இருக்கும்.
தொட்டால் பாயும்.
வேகமானியில் எண்ணைப் பார்த்துக் கூ கைதட்டினார்.
நான் தாளைப் பார்த்தேன்.
ஐந்து துளைகள்,
பேச்சுவார்த்தை அறுந்த ஐந்து பங்காளிகள்.

இரண்டாவது உருண்டை.
கேழ்வரகு போல, தண்ணீர் போல,
புனலில் ஊற்றினால் பாட்டுக்கு இறங்கும்.
எவ்வளவு நல்ல பிள்ளை என்று
வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலும் நினைத்துக்கொண்டிருந்தேன்.
காலை எட்டு மணிக்கு ஒரே துளைக்குள் மூன்று.
மதியம் இரண்டுக்கு,
பெஞ்சில் வெயில் தின்ற அதே தோட்டாக்கள்
இரண்டு விரற்கடை மேலே ஏறின.
நிழலில் பசு. வெயிலில் காளை.
பினாங்கில் எனக்கு நிழல்
எத்தனை மணி நேரம் கிடைக்கும்?

மூன்றாவதைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.
நறுக்கிய துடைப்பக் குச்சி.
புனலின் கழுத்தில் குறுக்கே விழுந்து அடைக்கும்.
விரலால் தட்டினால்
இரண்டு கூட்டுக்கு உள்ளது ஒன்றில் கொட்டும்.
சந்தேகம் வந்த கூட்டை மட்டுமல்ல,
தட்டு முழுவதையும் கவிழ்த்துவிட்டு
மறுபடி நிறுத்தேன்.
எடைக்கு கிரெயின் என்று பெயர்.
தானியம்தான், வாற்கோதுமை மணி ஒன்று.
பொன்னுக்குக் குன்றிமணி வைத்த கூட்டத்துக்கு
இது புரியாதா என்ன.
முள் நடுங்கி நிற்கும்வரை
ஃபேனை நிறுத்திவிட்டு
வியர்வையில் உட்கார்ந்திருந்தேன்.
ஐம்பது கூடு நிரப்ப ஒரு மாலை போயிற்று.
'மிஸ் ஞானம், கல்யாணத்துக்கா சமைக்கிறீங்க?' என்றார் கூ.

காலையில் சுட்டேன். மதியத்தில் சுட்டேன்.
நாலு மணி மழைக்கு முன்னால்,
குழல் கையைச் சுடும் நேரத்திலும் சுட்டேன்.
மூன்று தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாய் வைத்து
வெளிச்சத்தில் பிடித்தேன்.
வெளிச்சம் ஒரே இடத்தில் வந்தது.

முதல் டப்பாவின் கடைசி ஒரு கரண்டி.
பழசாகிவிட்டது, கணக்கெழுதி அழிக்க வேண்டும்.
ரோஸ்லான் வெட்டவெளிச் சிமெண்டில்
கோடாகக் கொட்டிக் கொளுத்தினார்.
சத்தமே இல்லை.
சூடம் மாதிரி மஞ்சளாய் எழுந்து
கொஞ்சம் புஸ் என்று சொல்லிவிட்டு
முடிந்துபோனது.
பித்தளைக்குள் அடைத்தால்தான் அதற்கு அந்தக் குரல்.

திங்கட்கிழமை.
நானூற்றுப் பதினேழாம் எண்
நாற்பது நிமிடம் காத்திருந்த ஆத்திரத்தில்
கண்ணாடியைத் தட்டிக் கத்தினார்.
வரிசை திரும்பிப் பார்த்தது.
பாதுகாவலர் எழுந்தார்.
வேண்டாம் என்று கைகாட்டினேன்.
கத்தட்டும், கூரை உயரமாகத்தானே இருக்கிறது.
முடித்துவிட்டு மூச்சு வாங்கினார்.
'இதை எண்ண இவ்வளவு நேரமா?'

அவர் கத்தியதில்
எண்ணிக்கை எங்கோ விட்டுப்போயிருந்தது.
தட்டைக் கவிழ்த்தேன்.
ஒன்று, இரண்டு.